சாது சுந்தர்சிங்கும் பனிமலை வழியும்

திண்டுக்கல்லிலே சித்திரை மாதம் எத்தன்மையது என்பதை இவ்விதழை வாசிப்போர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வெயிலை உண்டு இரவெல்லாம் அதனை உமிழ்ந்துகொண்டிருக்கும். குடகனாறு மணற்பரப்பாய்க் கிடக்கும். கிணறுகள் அடிகாணும். அக்காலத்தில் நம் கண்கள் தாமாகவே மேற்றிசையில் நீலநிறமாய்த் தோன்றும் பழனிமலைத் தொடரை நாடுகின்றன. சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் தப்பும்பொருட்டு அமெரிக்க மிஷனெரிமார் 1845-ஆம் ஆண்டில் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியதும் இந்நாட்டத்தினாலேயாம். மலை என்றால் நமக்குக் குளிர்ச்சி. மலை என்றால் இளைப்பாறுதல்.

ஆனால் அதே சித்திரை மாதத்தில், மலையை இளைப்பாறும் இடமாகக் கருதாது, தம் ஊழியத்தின் வழியாகக் கருதிப் புறப்பட்டார் ஒருவர். 1929-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள், சிம்லா மலைப்பக்கத்தைச் சேர்ந்த சபாத்து என்னும் ஊரினின்றும் அவர் திபெத்து நாட்டை நோக்கிச் சென்றார்; திரும்பி வரவில்லை. அவரே சாது சுந்தர்சிங். அவருடைய பக்தியையும் பிரசங்கங்களையும் குறித்துப் பலர் எழுதியிருக்கின்றனர். நாமோ, பனிமலையில் வழிநடந்தவர் என்ற முறையில் அவருடைய வாழ்க்கையை நோக்கி, அதனின்று நம் மாணவர் கற்கத்தக்கது யாது என்று ஆராயப் புகுகின்றோம். இக்காலத்தில் நம் பக்கத்து இளைஞர் பலர் விடுமுறை நாட்களில் இமயமலைக்குச் செல்லத் தலைப்பட்டிருப்பதனால் இவ்வாராய்ச்சி வீண்போகாது என்று நம்புகின்றோம்.

சுந்தர்சிங் 1889-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் பஞ்சாப் மாகாணத்தில் லூதியானாவைச் சார்ந்த ராம்பூர் என்னும் சிற்றூரிலே பிறந்தார். அவர் குடும்பம் சீக்கிய மதத்தைத் தழுவிய செல்வக் குடும்பம். தந்தையார் சேர்சிங் நிலபுலம் மிக்கவர். தாயாரோ பக்தியிற் சிறந்தவர்; சீக்கிய வேதத்தையும் பகவத்கீதையையும் மகனுக்குப் பயிற்றுவித்து, அவன் ஒருநாள் துறவியாக வேண்டும் என்று விரும்பியவர். அவ்வன்னையார் மகனுடைய இளமையிலேயே உலகவாழ்வை நீத்தார். ஆறுதலற்ற அச்சிறுவன், தான் பயின்ற அமெரிக்க மிஷன் பாடசாலையில் கற்பிக்கப்பட்ட கிறிஸ்து வேதத்தின்மேற் பெருங்கோபங்கொண்டு, 1904-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அந்நூலைத் தீக்கிரையாக்கினான். கோபம் தீர்ந்தும் மனம் ஆறவில்லை. விடியுமுன் உண்மை விளங்காவிடில் புகைவண்டிப் பாதையிலே தலைவைத்து உயிர்விடுவது என்று துணிந்து இரவிலே பிரார்த்தித்துக்கொண்டிருந்தபோது, தான் வெறுத்த கிறிஸ்துவின் தரிசனத்தையே கண்டதாக அவர் பிற்காலத்தில் சொல்லுவார்.

இதன் பயனாக அவர் வீட்டைவிட்டு அகற்றப்பட்டார். 1905-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், தம் பதினாறாம் ஆண்டு நிறைவிலே, சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த மாதமே காவியுடை தரித்தார். கிறிஸ்தவனாகியும் இந்தியத் துறவியின் கோலத்தை விடாமை அவருடைய சிறப்பு. ஒரு கம்பளமும் புதிய ஏற்பாட்டுப் புத்தகமுமே அவருடைய உடைமை. காலுக்குச் செருப்புமின்றிக் கரடுமுரடான மலைவழிகளில் அவர் நடந்தார்.

சிம்லாவுக்கு அப்பாலுள்ள கோட்கட் என்னும் மலையூரில் அவர் சில காலம் தங்கினார். அங்கே சாமுவேல் ஸ்டோக்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர் அவருக்குத் தோழரானார். இந்த ஸ்டோக்ஸ் என்பவரே பின்னாளில் அம்மலைகளில் நல்ல சாதி ஆப்பிள் மரங்களைப் பயிராக்கி, இந்திய விடுதலைப் போரிலும் சிறைசென்றவர். நம் திண்டுக்கல் கடைத்தெருவிலே சிம்லா ஆப்பிள் வாங்கும் ஒவ்வொருவரும் அவருக்கு ஓரளவு கடமைப்பட்டவர்.

கோட்கட் ஊரிலிருந்து சத்லெஜ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் வழியாய்த் திபெத்து எல்லைக்கு ஒரு பழைய வாணிகப் பாதை செல்லுகின்றது. 1908-ஆம் ஆண்டில், பத்தொன்பது வயதும் நிரம்பாத சுந்தர்சிங், அப்பாதையிலே முதன்முறை திபெத்துக்குப் புறப்பட்டார். எல்லைப்புறத்தில் பூ என்னும் மலையூரிலே ஊழியஞ்செய்த மொரேவிய மிஷனெரிமார் அவருக்கு உதவி புரிந்தனர். 1909-ஆம் ஆண்டின் இறுதியில் லாகூரிலுள்ள வேதசாஸ்திரக் கல்லூரியிற் சேர்ந்து சில மாதம் பயின்றார். ஆனால் ஓர் அத்தியட்சாதீனத்தின் எல்லைக்குள் அடங்கிய குருத்துவப் பணி தமக்கு ஏற்றதன்று என்று கண்டு, அதைவிட்டு மீண்டும் வழிநடையையே மேற்கொண்டார். குளிர்காலத்தில் சமவெளிகளிலே சஞ்சரிப்பது, வேனிற்காலத்தில் கணவாய்கள் திறந்ததும் மலைக்கு அப்பால் செல்லுவது என்பதே அவர் கைக்கொண்ட முறை.

கணவாய் திறத்தல் என்பது யாது? இவ்விடத்தில் நாம் சற்றே நின்று விளக்குதல் அவசியம். நம்மவருள் பெரும்பாலோர் வெண்பனியைக் கண்ணாற் கண்டிலர். மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானற் புல்வெளியின்மேல் விடியற்காலையிற் படிந்து, வெயில் ஏறியதும் மறையும் உறைபனியே நாம் அறிந்தது. கொடைக்கானலின் உயரம் ஏறக்குறைய 7,000 அடி. திபெத்துக்குச் செல்லும் கணவாய்களோ 15,000 அடிக்கும் 18,000 அடிக்கும் இடைப்பட்டவை. 18,000 அடி உயரத்திலே காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதிற் பாதியே. மேற்றிசையினின்று வரும் குளிர்காலப் புயல்கள் மார்கழி முதல் பங்குனி வரையில் அம்மலைகளின்மேல் பனியைக் கொட்டுகின்றன. ஒவ்வொரு புயலும் ஓர் அடுக்கை இட்டுச் செல்லும். இவ்வடுக்குகள் எல்லாம் ஒரேவகைப்பட்டவை அல்ல. சில இறுகியவை, சில சர்க்கரைபோல் உதிர்ந்த மணிகளாய், ஒன்றோடொன்று பற்றாமல் கிடப்பவை.

களத்துமேட்டில் நெல்லைக் குவிப்பவர் ஓர் உண்மையை அறிவர். குவியல் ஓரளவு செங்குத்தாகியபின் மேலும் கொட்டினால் நெல் தானாகவே சரியும். பனிக்கும் அவ்வாறே. ஆனால் பனியிலே அதனினும் கொடிய சரிவு ஒன்று உண்டு. சாய்ந்த பலகையின்மேல் கேழ்வரகைத் தூவி, அதன்மேல் மற்றொரு பலகையை வைத்தால், தொட்டமாத்திரத்தில் மேற்பலகை வழுகி விழும் அல்லவா? அதுபோல, உதிர்மணிப் பனியின்மேல் இறுகிய பனியடுக்கு ஒன்று அமைந்திருக்கும் சரிவிலே ஒரு மனிதன் கால்வைப்பானாயின், அவனுடைய பாரமே போதும். மலைப்பக்கம் முழுவதும் பாளம்பாளமாய்ப் பிளந்து ஓடிவரும். 30 பாகை முதல் 45 பாகை வரை சாய்வுள்ள இடங்களே இதற்குப் பெரும்பாலும் இலக்காவன. அதனினும் செங்குத்தான பாறைகளில் பனி அதிகம் தங்காது. அதனினும் தாழ்ந்த சரிவில் எளிதில் ஓடாது. ஆயினும் தாழ்ந்த இடத்தில் நிற்பவனுக்குப் பயமில்லை என்று எண்ணற்க. மேலிருந்து வருவது அவனையும் மூடிவிடும்.

வேனில் பிறந்ததும் வேறொரு தன்மையான ஆபத்து தோன்றுகின்றது. பகல் வெயிலில் மேற்பனி உருகி, அந்நீர் உள்ளே கசிந்து, அடுக்குகளைப் பிணித்திருந்த பிடிப்பைத் தளர்த்துகின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையிலே நம் மலைச்சாலைகளில் மண் சரிவதை நாம் கண்டிருக்கின்றோம். அதற்கும் இதற்கும் காரணம் ஏறக்குறைய ஒன்றே. நனைந்த பனி ஒரு கன மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ வரை எடை உள்ளது. அது மெதுவாய் வரினும் அதன்முன் மரமும் நில்லாது. இரவில் வானம் தெளிந்திருந்தால் அந்நீர் மீண்டும் உறைந்து, விடியலில் பனிப்பரப்பு கல்லைப்போல் இறுகும். ஆகவே வேனிற்காலத்தில் பனிவழி செல்லுவோர், நள்ளிரவுக்குப் பின்னெழுந்து, உறைந்த பரப்பின்மேல் நடந்து, வெயில் ஏறுமுன் ஆபத்தான சரிவுகளைக் கடந்துவிடுவர். இரவு மேகமூட்டமாயிருந்து பனி உறையாவிடில் அன்று புறப்படார். திபெத்து வணிகரும் ஆட்டிடையரும் இவ்வறிவைப் புத்தகத்திற் கற்றவரல்லர், தந்தையர்வழிப் பெற்றவர்கள். சாது அவர்களுடைய வழிகளிலேயே சென்றார்.

இம்மலைவழிகளில் அவருக்கு நேர்ந்ததாக அவர் பல நாடுகளிலும் சொல்லிவந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஒருநாள் கடும்பனி பெய்துகொண்டிருக்கையில், அவரும் திபெத்தியர் ஒருவரும் ஒரு கணவாயைக் கடந்து சென்றனர். குளிர் எலும்பைத் துளைத்தது. ஊர் போய்ச் சேருவோமோ என்ற ஐயம் இருவருக்கும் உண்டாயிற்று. வழியின்கீழே, ஒரு சரிவில், தவறி விழுந்த மனிதன் ஒருவன் நினைவிழந்து கிடந்தான். அவனைத் தூக்கிச் செல்ல உதவும்படி சாது தம் துணைவரை வேண்டினார். அவரோ, நம்மையே காத்துக்கொள்ள முடியாத வேளையில் பிறரைச் சுமப்பது அறிவீனம் என்று சொல்லி, விரைந்து முன்னே போய்விட்டார். சாது தனியே இறங்கி, அம்மனிதனைத் தம் முதுகின்மேல் ஏற்றிக்கொண்டு, அடிமேல் அடிவைத்துச் சென்றார். சுமையின் உழைப்பினால் அவர் தேகம் சூடேறிற்று. அச்சூடு முதுகிற் கிடந்தவனுக்கும் பரவிற்று. ஊரை அணுகும்போது, முன்னே சென்ற துணைவர் வழியிலே குளிரால் விறைத்து இறந்து கிடப்பதைக் கண்டார். சுமந்தவரும் சுமக்கப்பட்டவரும் பிழைத்தனர்.

இக்கதையைப் பிரசங்கிமார் எத்தனையோ முறை எடுத்தாண்டிருக்கின்றனர். நாம் இதை இங்கே கூறியது தர்மோபதேசத்துக்காக மாத்திரம் அன்று. பனிமலையில் ஒருவனுக்குப் பாதுகாப்பு அவன் பக்கத்தில் உள்ளவனே என்னும் உண்மை இதனுள் அடங்கியிருக்கின்றது. இதற்கு மீண்டும் வருவோம்.

1918-ஆம் ஆண்டில் சாது தென்னாட்டுக்கு வந்தார். சென்னை, திருவிதாங்கூர், திருநெல்வேலிச் சீமை ஆகிய இடங்களிலும் இலங்கையிலும் மொழிபெயர்ப்பாளர் துணையோடு அவர் பேசியதைக் கேட்கப் பெருந்திரளான ஜனங்கள் கூடினர். அடுத்த ஆண்டுகளில் பர்மா, மலாய் நாடு, சீனம், ஜப்பான் முதலிய தேசங்களுக்கும், 1920-இல் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்கும் சென்றார். இங்கிலாந்தில் அவரைக் கண்டு, அவருடைய உபதேசங்களை ஸ்டிரீட்டர் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து 1921-இல் நூலாக வெளியிட்டவர் நம் தமிழரே. பாளையங்கோட்டையிற் பிறந்து, பின்னர்க் கோயம்புத்தூர் அத்தியட்சராய் விளங்கிய ஏ. ஜே. அப்பாசாமி அவர்கள். 1922-இல் சாது சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, சுவீடன் முதலிய நாடுகளையும் சுற்றினார்.

சுவிட்சர்லாந்தும் பனிமலை நாடே. பனியின் இயல்பை அளவுகோலும் நுண்ணாடியுங்கொண்டு ஆராயும் சாஸ்திரம் அங்கேதான் வளர்ந்தது. ஆனால் அதற்கான ஆராய்ச்சிக் குழு அந்நாட்டில் அமைந்தது 1931-ஆம் ஆண்டில். தாவோஸ் நகரத்தில் ஆராய்ச்சிக் கூடம் எழுந்தது 1936-இல். சாது அந்நாட்டு மலைகளைக் கண்ட காலத்தில் அவருக்குக் கற்பிக்கத்தக்க சாஸ்திரம் அங்கேயும் முதிரவில்லை. நம் நாட்டிலோ, பனிச்சரிவு ஆராய்ச்சிக்கென்று மணாலியில் ஒரு நிலையம் 1969-இல் தான் தோன்றிற்று. 2020-இல் அது வேறொரு நிலையத்தோடு இணைக்கப்பட்டு, இராணுவப் புவித்தகவல் ஆராய்ச்சி நிறுவனம் ஆயிற்று. ஆகவே, இன்று ஒரு கல்லூரி மாணவன் ஒரு நாழிகையில் அறியத்தக்க செய்திகளைச் சாது தம் வாழ்நாளில் எங்கும் கற்றிருக்க முடியாது. அவரை மதிப்பிடும்போது இதனை மறத்தல் நியாயமன்று.

மேல்நாட்டுப் பிரயாணத்துக்குப்பின் அவருடைய தேகம் தளர்ந்தது. இருதய நோய் அவரை வருத்திற்று. சபாத்து ஊரில் வீடொன்று கொண்டு, நூல்கள் எழுதுவதிலும் தியானத்திலும் காலம் போக்கினார். இதற்கிடையில் ஐரோப்பாவிலே அவருடைய வரலாறுகளின் உண்மையைக் குறித்துப் பெருவிவாதம் எழுந்தது. சூரிக்கு நகரத்துப் பிஸ்டர் என்னும் போதகரும் வேறு சிலரும் அவருடைய திபெத்து வரலாறுகளை ஐயுற்றனர். ஹைலர் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் அவருக்காக வாதாடினார். அவ்விவாதத்துக்கு முடிவு கூறுதல் நம் நோக்கமன்று. தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டுச் சாது சண்டையிடவில்லை என்பதை மாத்திரம் குறிப்பிடுவோம்.

தேகம் தளர்ந்தும் திபெத்து அவர் நெஞ்சை விட்டகலவில்லை. 1927-ஆம் ஆண்டில் வணிகர் கூட்டத்தோடு மீண்டும் புறப்பட்டார். வழியிலே இரத்தம் கக்கி வீழ்ந்தார். உடன்சென்றோர் அவரை எடுத்துவந்து புகைவண்டி நிலையத்திற் சேர்த்தனர், அதனாற் பிழைத்தார். அன்று அவர் உயிரைக் காத்தது துணைவரின் தோளே என்பதை நண்பர்கள் கருதுவாராக. வேறொரு வேளையில் பிறனொருவனைச் சுமந்தவர், இப்போது பிறராற் சுமக்கப்பட்டார்.

1929-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் கடைசிமுறை புறப்பட்டார். நண்பர்கள் தடுத்தனர். தாம் போகும் வழியின் ஆபத்தையும் தம் தேகநிலையையும் அவர் நன்கு அறிந்திருந்தார் என்பது அவர் எழுதிவைத்த கடிதத்தால் விளங்குகின்றது. அறியாமையால் அன்று, அறிந்தே சென்றார். பத்ரிநாத்துக்குச் செல்லும் யாத்திரிகர் வழியாய்ச் சென்று, அப்பாலுள்ள உயர்ந்த கணவாயைக் கடந்து திபெத்தை அடைவது அவர் எண்ணம். அக்கணவாய்கள் ஜூன் மாதத்தை ஒட்டியே பெரும்பாலும் நடக்கத் தகுதியாகும். யாத்திரிகர் வழியிலோ வேனிற்காலத்தில் வாந்திபேதி நோயும் அக்காலத்திற் பரவுவதுண்டு.

நெடுநாள் செய்தி வராமையால் அவருடைய நண்பராகிய மிஷனெரி ரிடில் அவர்களும் மருத்துவர் டெய்லர் அவர்களும் அம்மலைவழியிலே சென்று தேடினர். வழிநெடுக விசாரித்தும் யாதொரு துப்பும் கிடைக்கவில்லை. பனிச்சரிவு மூடிற்றோ, இருதயம் நின்றதோ, கொள்ளைநோய் கொண்டதோ, பாதை வழுக்கிற்றோ, ஒருவரும் அறியார். 1933-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் அவரை இறந்தவராகக் கொண்டனர். மறைந்தபோது அவருக்கு வயது முப்பத்தொன்பது.

இனி நாம் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்லுகின்றோம். சாதுவின் சரித்திரத்தை வாசிக்கும் இளைஞர் சிலர், ஆபத்தைப் பொருட்படுத்தாமையே விசுவாசம் என்றும், ஆயத்தம் செய்வது கோழைத்தனம் என்றும் எண்ணிவிடுகின்றனர். இது பெருந்தவறு. மலையானது பக்தன் இவன், பாவி இவன் என்று பாராது. பனியின் பாரமும் சரிவின் சாய்வும் எவர்க்கும் ஒன்றே. சாதுவும் பருவம் நோக்கியே சென்றார்; வழியறிந்த வணிகரைச் சார்ந்தே சென்றார்; செல்லும் வழியை நண்பர்க்கு எழுதிவைத்தே சென்றார். அக்கடிதம் இல்லையாயின், தேடச் சென்றவர் எத்திசையிற் செல்லுவதென்றும் அறியார். இருந்தும் அவர் கடைசியாய் வழிநடந்த இடத்தை ஒருவரும் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஏன்? அவர் வீழ்ந்தபோது பக்கத்தில் நின்று பார்த்து, திரும்பிவந்து சொல்லும் துணைவர் ஒருவரும் கிடைத்திலர்.

பனிச்சரிவிற் புதைந்தோரைக் குறித்து ஐரோப்பியர் எடுத்த கணக்கு இதனை வலியுறுத்துகின்றது. பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுக்கப்படுவோரிற் பத்துக்கு ஒன்பதுபேர் பிழைக்கின்றனர். அரைமணி கடந்தாலோ மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. அடிவாரத்தினின்று உதவிக்கு ஆள் வருமுன் அந்த நேரம் கழிந்துபோகும். ஆகவே புதைந்தவனைக் காப்பவர் பெரும்பாலும் அவனோடு நடந்தவரே. இக்காலத்தில் அறிந்து செல்லுவோர், ஒவ்வொருவரும் மார்பிலே ஒரு சிறு வானொலிக் கருவியை அணிந்து, பனியிற் குத்திப்பார்க்கும் கோலும் மண்வெட்டிபோன்ற கருவியும் கொண்டு செல்லுகின்றனர். புதைந்தவன் எங்கே கிடக்கின்றான் என்பதை அவ்வானொலி துணைவர்க்கு உணர்த்தும். ஆனால் தனியே செல்லுபவனுக்கு இவை மூன்றும் பயனற்றவை. ஒருவன் தன்னைத் தானே தோண்டி எடுக்க மாட்டான்.

பனிச்சரிவு நமக்கு அந்நியமான செய்தி என்று எவரும் கருதவேண்டாம். 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், சியாச்சின் பனிமலையில், மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த பத்து வீரர்கள் பனிச்சரிவிற் புதையுண்டனர். அவருள் நால்வர் தமிழ்நாட்டினர். ஒருவர் நமக்கு அண்டையான மதுரை மாவட்டத்தவர், மற்றொருவர் தேனி மாவட்டத்தவர். நம்மைப்போலவே வெயிலிற் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். கன்னட நாட்டு வீரர் ஒருவர் ஆறு நாளுக்குப்பின் உயிருடன் எடுக்கப்பட்டும் சில நாளில் மாண்டார். 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், பத்ரிநாத்துக்கு அப்பாலுள்ள மாணா என்னும் ஊரருகே, சாலைத்தொழிலாளர் 54 பேர் பனிச்சரிவில் அகப்பட்டனர். எட்டுப்பேர் இறந்தனர், நாற்பத்தாறு பேர் மீட்கப்பட்டனர். அவர்கள் தங்கியிருந்த இரும்பு அறைகள் பலர்க்குக் காப்பாயின. சாது செல்லக் கருதிய வழியும் அப்பக்கத்து மலைகளை நோக்கியதே.

நம் மலைகளிலே பனிச்சரிவு இல்லை. ஆயினும் வேனிலின் ஆபத்து உண்டு. 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையிலே, காய்ந்த புல்லிற் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களைக் குறைகூற நாம் இதனை எழுதவில்லை. ஒவ்வொரு மலைக்கும் ஏறத்தகுந்த பருவமும் ஏறத்தகாத பருவமும் உண்டு என்பதை நினைவூட்டவே எழுதினோம்.

ஆதலால், வருகிற விடுமுறையில் வடதிசை மலைகளுக்குச் செல்லக் கருதும் மாணவர்க்கு நாம் வேண்டிக்கொள்வது இது. முதலில் உத்தரகாசி, டார்ஜிலிங் முதலிய இடங்களிலுள்ள மலையேற்றப் பள்ளிகளில் முறைப்படி பயிலுங்கள். புதுப்பனி பெய்த மறுநாளும், மழை பெய்த மறுநாளும் பொறுத்திருங்கள். விடியுமுன் புறப்பட்டு, வெயில் முதிருமுன் சரிவைவிட்டு நீங்குங்கள். ஐயமான சரிவை ஒருவர்பின் ஒருவராய், ஏனையோர் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்த்திருக்கக் கடந்து செல்லுங்கள். பனியுருண்டைகள் தாமே உருண்டுவருதலையும், காலின்கீழ்ப் பனி அமுங்கி ஓசையிடுதலையும் மலையின் எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். அவ்வூர் வழிகாட்டி திரும்பு என்றால் திரும்புங்கள்; மலை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். போகும் வழியையும் வரும் நாளையும் வீட்டாருக்கு எழுதிவையுங்கள்.

சாது கடைசிமுறை சென்றது தகுமோ தகாதோ என்று தீர்ப்புக் கூற நாம் துணியவில்லை. ஓர் ஊழியத்தின்பொருட்டுத் தம் உயிரை அறிந்தே வைத்தவரை, நிழலிலிருந்து எழுதும் நாம் அளப்பது முறையன்று. ஆயினும் அவருடைய ஊழியம் நம் விடுமுறை உல்லாசத்துக்கு முன்மாதிரி ஆகாது என்பதைத் துணிந்து கூறுவோம். அவரிடத்தில் நாம் கைக்கொள்ளத்தக்கது அவர் மறைந்த வழியன்று. விழுந்துகிடந்த மனிதனைக் கண்டு அவர் நின்ற இடமே. முன்னே விரைந்தவர் தம்மைக் காத்துக்கொள்ளவே விரைந்தார், காத்துக்கொள்ளவில்லை. நின்றவர் பிறனைக் காக்க நின்றார், இருவரும் பிழைத்தனர்.

சித்திரை வெயிலில் மேற்கு மலையை நோக்கும்போதெல்லாம் நமக்கு அச்சாதுவின் நினைவு வருகின்றது. மலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் யாவரும் துணையோடு சென்று, துணையாக நின்று, நலமே வீடு திரும்புவாராக.